ரெசிடென்ஷியல் ட்ரிப்புக்கு பிள்ளையை அனுப்பறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்

இங்க இங்கிலாந்துல இயர் சிக்ஸ் படிக்கற பிள்ளை வீட்ல இருந்தா அந்த லெட்டர் கண்டிப்பா வரும். மூணு நாளோ நாலு நாளோ ரெசிடென்ஷியல், ஏதாவது ஒரு அட்வென்ச்சர் சென்டர்ல தங்கல், கயாக்கிங், ஏபிசீலிங் (கயித்தைக் கட்டிக்கிட்டு உயரத்துலேர்ந்து இறங்கறது), ஜிப் வயர், ராத்திரி கேம்ப் ஃபயர், இவ்ளோ பவுண்ட், இந்தத் தேதிக்குள்ள ஃபார்ம் குடுங்க. நான் ஒரு ப்ரைமரி ஸ்கூல்ல டீச்சிங் அசிஸ்டன்ட்டா இருக்கேன், இந்த ட்ரிப்புக்கு பிள்ளைங்களோட போய்ட்டு வர்றவ, அதனால அந்த லெட்டர் வந்த வாரம் கேட் பக்கத்துல நம்ம ஊர் அம்மாக்கள் ரெண்டு மூணு பேராவது என்னை நிறுத்தி "அக்கா, அனுப்பலாமா?"ன்னு கேப்பாங்க.

அனுப்பலாம், அனுப்புங்கன்னுதான் சொல்வேன். ஆனா அதுக்கப்புறம் அவங்க கேக்கற கேள்வியெல்லாம் பார்த்தா சோறு கிடைக்குமா, குளிருமா, வெந்நீர் வருமா, யார் தலை பின்னி விடுவாங்க, இதோட நின்னுடும். யார் நடத்தறாங்க, அவங்களுக்கு என்ன தகுதி, ராத்திரி பிள்ளை தூங்கற கட்டடத்துக்குள்ள யார் யார் வர முடியும், இதை யாருமே கேக்கறதில்ல. பயம் நிறையவே இருக்கு, கேள்வியா அது வெளிய வர்றதில்ல. கடைசில பாதிப் பேர் எதையும் கேக்காமலே "வேண்டாம்"னு டிக் பண்ணிடறாங்க, மீதிப் பேர் எதையும் கேக்காமலே கையெழுத்து போட்டுடறாங்க. எனக்கு ரெண்டுமே மனசுக்கு ஒப்பல.

கேக்கணும்னு நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த நாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. 1993 மார்ச் 22. ப்ளிமத்ல இருந்த சவுத்வே ஸ்கூல் பிள்ளைங்க டோர்செட் கடற்கரைல லைம் ரீஜிஸ்ங்கற ஊர்ல ஒரு ஆக்டிவிட்டி சென்டருக்குப் போயிருந்தாங்க. எட்டு மாணவர்கள், அவங்க டீச்சர் ஒருத்தர், சென்டரோட இன்ஸ்ட்ரக்டர் ரெண்டு பேர், கனோங்கற சின்ன துடுப்புப் படகுல கிளம்பினாங்க, பக்கத்துல இருக்கற சார்மத் வரைக்கும்தான், ரெண்டு மைல் இருக்கும். காத்து கரையிலேர்ந்து கடல் பக்கமா அடிச்சுது, படகுக்குள்ள தண்ணி ஏறி ஏறிக் கவிழ, எல்லாரையும் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயாச்சு. அவங்க கைல ஆபத்து நேரத்துல வானத்துல விடற ஃப்ளேர் கூட இல்ல. திரும்பி வர வேண்டிய நேரம் தாண்டி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கோஸ்ட்கார்டுக்கே தகவல் போச்சு. நாலு பிள்ளைங்க இறந்துட்டாங்க. கூடப் போன இன்ஸ்ட்ரக்டர் ரெண்டு பேருக்கும் இருந்தது கனோயிங்ல அடிப்படை லெவல் சர்டிபிகேட்தான், கடல்ல ஒரு க்ரூப்பை கூட்டிட்டுப் போற தகுதி இல்ல. இதுல என்னால தாங்கவே முடியாத விஷயம் என்னன்னா, அதே சென்டர்ல முன்னாடி வேலை பார்த்த ரெண்டு இன்ஸ்ட்ரக்டர் அதுக்கு முந்தின வருஷமே மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க, இங்க பாதுகாப்பு போதாது, இப்படியே விட்டா ஒருநாள் யாரோட பிள்ளையாவது திரும்பி வராதுன்னு.

1994ல தீர்ப்பு வந்துச்சு. அந்த சென்டரை நடத்தின கம்பெனியே மேன்ஸ்லாட்டர், அதாவது கொல்லணும்ங்கற எண்ணம் இல்லாம சாவுக்குக் காரணமான குற்றம், பண்ணிச்சுன்னு கோர்ட் சொல்லுச்சு, இங்கிலாந்துல ஒரு கம்பெனிக்கு அப்படித் தீர்ப்பானது அதுதான் முதல் தடவை, நிர்வாக இயக்குநர் ஜெயிலுக்குப் போனார். பிள்ளைங்களைப் பறிகொடுத்த பெற்றோர் விடாம போராடினாங்க, ப்ளிமத் எம்.பி. டேவிட் ஜேமிசன் தனிநபர் மசோதாவா கொண்டு வந்தார், 1995ல ஆக்டிவிட்டி சென்டர்ஸ் யங் பர்சன்ஸ் சேஃப்டி ஆக்ட்னு சட்டம் ஆச்சு. காசு வாங்கிட்டு 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களை சில சாகச வேலைகளுக்குக் கூட்டிட்டுப் போறவங்க லைசன்ஸ் வாங்கியே ஆகணும்ங்கறது அதுலேர்ந்துதான் வந்துச்சு.

அதனால நீங்க பார்க்க வேண்டிய முதல் விஷயம் அந்த லைசன்ஸ். அட்வென்ச்சர் ஆக்டிவிட்டீஸ் லைசன்ஸ்னு சொல்வாங்க, இப்ப ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ்ங்கற அரசு பாதுகாப்பு அமைப்பு கைல இருக்கு, அவங்க வெப்சைட்லயே சென்டர் பேரைப் போட்டுத் தேடலாம். ஆனா லைசன்ஸ் இருக்குன்னு பார்த்ததோட நிறுத்திடாதீங்க, அது எதுக்கு, எதுக்கு இல்லன்னு தெரிஞ்சுக்கங்க. நாலே நாலு வகைக்குத்தான் அந்தச் சட்டம். இயற்கையான பாறைல ஏர்றது, குகைக்குள்ள போறது, ரோட்டை விட்டு ரொம்ப தள்ளி இருக்கற மலைலயும் மூர்ங்கற மேட்டுப் புல்வெளிலயும் ட்ரெக்கிங், அப்புறம் கடல், வேகமா ஓடற ஆறு, பெரிய ஏரி மாதிரி தண்ணில பண்ற வாட்டர் ஸ்போர்ட்ஸ். நம்ம பிள்ளைங்க வீட்டுக்கு வந்து கதை கதையா சொல்ற ஜிப் வயர், ஹை ரோப்ஸ், செயற்கைச் சுவர்ல க்ளைம்பிங், வில் வித்தை, இது எதுவும் அதுல வராது. அதுக்காக அதெல்லாம் ஆபத்துன்னு அர்த்தம் இல்ல, ஹெல்த் அண்ட் சேஃப்டி பொதுச் சட்டம் அதுக்கும் உண்டு, ஆனா அந்த லைசன்ஸுக்காக நேர்ல வந்து பார்க்கறவங்க அதைப் பார்த்து முத்திரை குத்தலங்கறது தெரிஞ்சிருக்கணும். அதே மாதிரி ஒரு ஸ்கூல் தன்னோட சொந்த டீச்சர்களை வச்சு தன் பிள்ளைங்களையே கூட்டிட்டுப் போனாலோ, ஸ்கவுட்ஸ் மாதிரி தன்னார்வ அமைப்பு தன் உறுப்பினர்களைக் கூட்டிட்டுப் போனாலோ லைசன்ஸ் வேண்டாம். அங்க நீங்கதான் கொஞ்சம் கூடுதலா கேக்கணும்.

லைசன்ஸ் தவிர, லேர்னிங் அவுட்சைட் த கிளாஸ்ரூம் குவாலிட்டி பேட்ஜ்னு ஒண்ணு இருக்கு, சேஃப்டியும் பார்ப்பாங்க, பிள்ளைக்கு அங்க உருப்படியா ஏதாவது கிடைக்குதான்னும் பார்ப்பாங்க. இது ரெண்டும் இருக்கற சென்டர்னா எனக்குப் பாதி கவலை போயிடும்.

மீதிக் கவலை ஆளுங்களைப் பத்தினது. இந்த சென்டர்கள்ல சீசனுக்கு வேலைக்கு வர்றவங்க நிறைய பேர் பத்தொம்பது இருபது வயசுப் பிள்ளைங்கதான். அதைப் பார்த்ததும் நம்ம ஆளுங்களுக்கு முகம் மாறிடுது, எனக்கு அதுல பிரச்சனை இல்ல, ஒன்பது வயசுக் குழந்தை பயந்து நிக்கறப்போ அதுங்க பேசிப் பேசி ஏத்தி விடற பொறுமை பெரியவங்ககிட்ட எப்பவும் இருக்கறதில்ல. கேக்க வேண்டியது வயசை இல்ல. இந்த ஆக்டிவிட்டிய நடத்தறவருக்கு அதுக்கான தகுதி என்ன, சென்டரே ட்ரெயினிங் குடுத்திருந்தா அதை சரிபார்த்துக் கையெழுத்து போட்ட நிபுணர் யாரு? தண்ணின்னா பேடில் யூகே இல்லன்னா ஆர்.ஒய்.ஏ., மலையும் பாறையும்னா மவுண்டன் ட்ரெயினிங், தகுதிச் சான்றிதழ் குடுக்கற இந்த அமைப்புகளோட பேர் பதில்ல வரணும். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பிள்ளைன்னும் கேளுங்க, தண்ணில எத்தனை, கயிறுல எத்தனைன்னு தனித்தனியா. நல்லா நடத்தற இடத்துல இதைக் கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, டக்குனு சொல்லிடுவாங்க. தயங்கினா அதுவே ஒரு பதில்தான்.

அப்புறம் ப்ளான் பி. மழை வந்து ஆறு பொங்கினா என்ன பண்ணுவீங்க? இதைக் கட்டாயம் கேளுங்க. 2002 மே மாசம் லேக் டிஸ்ட்ரிக்ட்ல க்ளென்ரிடிங் ஓடைல ஒரு ஸ்கூல் ட்ரிப், பாறைலேர்ந்து தண்ணிக்குள்ள குதிக்கற விளையாட்டு, மழையால ஓடை வேகமாவும் ரொம்ப சில்லுன்னும் இருந்துச்சு, பத்து வயசுப் பையன் ஒருத்தன் இறந்து போயிட்டான். நடத்தின டீச்சர் ஜெயிலுக்குப் போனார். ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ் அப்புறம் அதை விசாரிச்சு, எங்கெங்க தவறு நடந்துச்சுன்னு மத்த ஸ்கூல்களும் படிக்கற மாதிரி வெளியிட்டாங்க, நிலைமை சரியில்லன்னா மாத்தி வேற ஒண்ணு பண்ண ஒரு திட்டம் இல்லாம போனது அதுல முக்கியமான ஒண்ணு. இங்க மே ஜூன்லயும் தண்ணி பயங்கரமா சில்லுன்னு இருக்கும், நம்ம ஊர் ஆத்துல குளிச்ச ஞாபகத்துல யோசிக்காதீங்க. திடீர்னு சில்லுன்னு தண்ணில விழுந்தா மூச்சு வாங்கறது நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் அப்படித்தான். அதனாலதான் உடம்பு சூட்டைக் காக்கற வெட்சூட், அதனாலதான் மிதக்க வைக்கற பாயன்சி எய்ட்.

நீச்சல்னு வந்ததும் ஒண்ணு சொல்லணும். ஃபார்ம்ல உங்க பிள்ளைக்கு நீந்தத் தெரியுமான்னு கேட்டிருக்கும். நேஷனல் கரிகுலம் படி ப்ரைமரி முடிக்கறதுக்குள்ள 25 மீட்டர் நீந்தணும், அதனால தெரியாதுன்னு எழுதினா பிள்ளைய ஒதுக்கிடுவாங்களோன்னு பயந்து "தெரியும்"னு எழுதறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. தெரியாதுன்னு எழுதினா பக்கத்துலயே ஒருத்தர் இருப்பாங்க, அவ்வளவுதான்.

மருந்து விஷயமும் இதே மாதிரிதான், மறைக்கக் கூடாது. ஆஸ்துமா இன்ஹேலர், அலர்ஜிக்கு அவசரத்துல போடற எபிபென் ஊசின்னா ரெண்டு, எல்லாம் ஃபார்மசி லேபிளோட ஒரிஜினல் பாக்ஸ்ல குடுங்க, டப்பாவுல கொட்டி பேப்பர்ல எழுதி ஒட்டிக் குடுத்தா எங்களால குடுக்க முடியாது. ராத்திரி படுக்கைல ஒண்ணுக்குப் போற பழக்கம் இருக்கற பிள்ளைங்க பத்து பதினோரு வயசுலயும் இருக்காங்க, நீங்க நினைக்கறதை விட அதிகம், அதுக்காக அனுப்பாம விடாதீங்க, க்ளாஸ் டீச்சர்கிட்ட தனியா சொல்லிடுங்க. யாருக்கும் தெரியாம காலைல பெட்ஷீட் மாத்தற வேலை எங்களுக்குப் புதுசு இல்ல. பெண் பிள்ளைங்களுக்கு பீரியட்ஸ் வந்திருந்தாலும் சரி, இன்னும் வரலன்னாலும் சரி, பேட் வச்சு அனுப்புங்க, எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்லிக் குடுங்க, கூட வர்ற டீச்சர்ல யார்கிட்ட போய் கேக்கலாம்னு பேரோட சொல்லி வைங்க. அந்த மாதிரி நாள்ல வெளிய தங்க விடறதான்னு பாட்டி போன்ல கேப்பாங்க, அந்தப் பேச்சு பிள்ளை காதுல விழ வேண்டாம்.

இந்த இடத்துல மனசுல இருக்கறதை சொல்லிடறேன். "வேண்டாம்"னு டிக் பண்ணின ஃபார்ம்ல நான் பார்த்த வரைக்கும் பெண் பிள்ளைங்க பேர்தான் அதிகம். அண்ணன் போயிருப்பான், அதே ஸ்கூல், அதே சென்டர், தங்கச்சின்னா வேண்டாம். க்ளாஸே கிளம்பிப் போன வாரத்துல கீழ் க்ளாஸ்ல உக்காந்து கலரிங் பண்ணிட்டிருக்கற பிள்ளைய நீங்க வந்து பார்க்கணும். அந்த வருஷம் முழுக்க மத்த பிள்ளைங்க அந்த ட்ரிப்பைப் பத்தியே பேசிட்டிருக்கும், செப்டம்பர்ல செகண்டரி ஸ்கூலுக்குத் தனியா பஸ் ஏறிப் போகப் போற பிள்ளை அது. பாதுகாப்புதான் கவலைன்னா, நான் மேல சொன்ன கேள்வி அத்தனையும் கேளுங்க, இன்னும் கடுமையாவே கேளுங்க. ஆண் பெண் ரூம் தனித்தனியா, டீச்சர் ரூம் எவ்ளோ பக்கம், அதே நேரம் வேற ஸ்கூல் பிள்ளைங்களும் அங்க தங்கறாங்களா, அவங்க கட்டடம் வேறயா, ராத்திரி கதவு யார் கன்ட்ரோல், சென்டர் ஸ்டாஃப் தூங்கற இடத்துக்குள்ள தனியா வர முடியுமா, எல்லாருக்கும் என்ஹான்ஸ்ட் டி.பி.எஸ். செக், அதாவது குற்றப் பின்னணி இருக்கான்னு பார்க்கற சோதனை, ஆகிருக்கா. உங்க பிள்ளைகிட்டயும் உக்காந்து பேசுங்க, யார் எதைச் சொல்லி ரகசியமா வச்சுக்கன்னாலும் உடனே டீச்சர்கிட்ட சொல்லணும்னு. பதில் எல்லாம் திருப்தியா இருந்தும் பெண் பிள்ளைங்கறதுக்காக மட்டும் நிறுத்தாதீங்க.

சாப்பாட்டுக்கு வருவோம், எல்லாரும் அதைத்தானே முதல்ல கேக்கறீங்க. வெஜிடேரியன் உண்டு, ஹலால் பெரும்பாலும் முன்கூட்டியே சொன்னா உண்டு. சிக்கன் சாப்பிடுவோம் ஆனா பீஃப் சாப்பிட மாட்டோம்ங்கற நம்ம வீடுகளுக்குத்தான் ஃபார்ம்ல கட்டமே இருக்காது, அதனால கீழ தெளிவா எழுதிடுங்க, பர்கர், லசான்யா, போலொனேஸ்ல எல்லாம் பீஃப் இருக்கும்னு பிள்ளைக்கும் சொல்லுங்க. ஊறுகாய் பாட்டில் வேண்டாம். முறுக்கு கூட நட்ஸ் அலர்ஜி காரணமா வாங்கி வச்சுடுவாங்க.

துணில ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது, உடம்பு சூட்டை உறிஞ்சிடும். பழைய ட்ராக் பேன்ட், மெல்லிசா ரெண்டு மூணு லேயர், நனைய ஒரு ஷூ, காய ஒரு ஷூ, ரெயின்கோட். புதுசா எதுவும் வாங்காதீங்க, சேத்துல புரண்டுட்டுத்தான் வரும். பையை பிள்ளையே அடுக்கட்டும், நீங்க அடுக்கினா அங்க போய் எது எங்க இருக்குன்னு தெரியாம எல்லாத்தையும் கொட்டி வச்சுட்டு நிக்கும். செயின், வளையல், தோடு எல்லாம் வீட்லயே கழட்டிடுங்க, ஹார்னஸ்லயும் ஹெல்மெட்லயும் மாட்டும். புதுசா காது குத்தினா ஆறு வாரமாவது கழட்ட முடியாது, அதனால காதுகுத்து வைக்கறதை ட்ரிப் முடிஞ்சு லீவுல வச்சுக்கங்க. அரைஞாண் கயிறு, கைல கட்டின சாமி கயிறு இருந்தா ஸ்கூல்ல முன்னாடியே சொல்லுங்க, இறுக்கமா இருந்தா பிரச்சனை இல்ல, தொங்கினா டேப் போட்டுடுவோம்.

போன் அனுமதி இருக்காது. இது அம்மாக்களுக்குத்தான் கஷ்டம். பிள்ளை முதல் ராத்திரி அழும், சில பிள்ளைங்க நிஜமாவே அழும், நாங்க பக்கத்துல உக்காந்திருப்போம், ரெண்டாவது நாள் ஏபிசீலிங் முடிச்சுட்டு வந்ததும் அதே பிள்ளை சாப்பாட்டு வரிசைல கத்திப் பேசிட்டிருக்கும். கிளம்பறப்போ "பிடிக்கலன்னா சொல்லு, அப்பா உடனே கார் எடுத்துட்டு வந்துடுவாரு"ன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, அப்புறம் அந்தப் பிள்ளை மூணு நாளும் அந்த காருக்காகவே காத்துக்கிட்டிருக்கும். எந்த ஆக்டிவிட்டியும் கட்டாயம் இல்லங்கறதையும் சொல்லி வைங்க. பாதி ஏறி இறங்கி வந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ஸ்கூல் மூலமா இல்லாம சம்மர் லீவுல நீங்களே புக் பண்ற அட்வென்ச்சர் ஹாலிடே இருக்கு பாருங்க, அது வேற கணக்கு. இந்த நாட்டுல அது ரொம்ப பழைய வழக்கம், பி.ஜி.எல். கம்பெனி 1957லயே வை ஆத்துல கனோ பயணமா ஆரம்பிச்சது. ஆனா அங்க உங்க பிள்ளைக்குத் தெரிஞ்ச டீச்சர் யாரும் இருக்க மாட்டாங்க, ஸ்கூல்ல எஜுகேஷனல் விசிட்ஸ் கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் உக்காந்து ரிஸ்க் அசெஸ்மென்ட் எல்லாம் பார்ப்பாரே, அந்த வேலையும் உங்க தலைலதான். ஒரே ரூம்ல எந்தெந்த வயசுப் பிள்ளைங்களை போடுவாங்க, ராத்திரி பொறுப்பு யாரு, உடம்பு சரியில்லன்னா யார் எப்ப உங்களைக் கூப்பிடுவாங்க, எல்லாம் காசு கட்டறதுக்கு முன்னாடி கேக்கணும். முதல் தடவைன்னா தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு கூடப் போகற மாதிரி பார்த்துக்கங்க.

இயர் நைன் வந்ததும் டியூக் ஆஃப் எடின்பரோ அவார்ட்னு பிள்ளைங்களுக்கான ஒரு விருதுத் திட்டம் வரும், அப்ப நம்ம ஆளுங்க யுனிவர்சிட்டி அப்ளிகேஷனுக்கு நல்லதுன்னு யோசிக்காம சேர்த்து விடுவாங்க. ஆனா அந்த எக்ஸ்பெடிஷன்ல பிள்ளைங்க நாலுலேர்ந்து ஏழு பேர் க்ரூப்பா, மேப்பை வச்சுக்கிட்டு, பெரியவங்க யாரும் கூட நடக்காம போகணும், சூப்பர்வைசர் தள்ளித்தான் இருப்பார். முதல் படியான ப்ரான்ஸுக்கு ஒரு ராத்திரி டென்ட்ல, கடைசிப் படியான கோல்டுக்கு மூணு ராத்திரி, அது போக முன்பின் தெரியாதவங்களோட அஞ்சு நாள் ரெசிடென்ஷியல் தனியா. பத்து வயசுல டீச்சர்கள் சுத்தி நிக்கற இடத்துல மூணு நாள் தங்கப் பழகின பிள்ளைக்கு இதெல்லாம் சுலபமா இருக்கும்.

கடைசியா காசு. நிறைய வீட்ல "வேண்டாம்"னு டிக் பண்றதுக்கு நிஜக் காரணம் இதுதான், வெளிய குளிர், சாப்பாடுன்னு சொல்வாங்க. ஸ்டேட் ஸ்கூல் ட்ரிப் பெரும்பாலும் ஸ்கூல் நேரத்துல நடந்தா, ஆக்டிவிட்டிக்கும் பயணத்துக்கும் ஸ்கூல் உங்ககிட்ட கட்டாயமா காசு கேக்க முடியாது, விருப்பப்பட்டுக் குடுங்கன்னுதான் கேக்க முடியும், நீங்க குடுக்கலங்கறதுக்காக உங்க பிள்ளைய மட்டும் விட்டுட்டுப் போகக் கூடாது. போதுமான அளவு காசு சேரலன்னா ட்ரிப்பையே ரத்து பண்ணலாம், அது வேற. தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் காசு கேக்கலாம், ஆனா யுனிவர்சல் க்ரெடிட் மாதிரி சில பெனிஃபிட் வாங்கற குடும்பங்களுக்கு அதுலயும் விலக்கு உண்டு. அந்த வகைல வரலன்னாலும் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டற வசதி பெரும்பாலான ஸ்கூல்ல இருக்கு, கஷ்டத்துல இருக்கறவங்களுக்குன்னு தனியா பணம் ஒதுக்கி வச்சிருக்கற ஸ்கூலும் உண்டு. ஆபீஸ்ல போய் தனியா பேசணும்னு சொன்னா போதும், யார் காதுக்கும் போகாது. தேதி முடியறதுக்கு முன்னாடி போங்க, இடம் நிரம்பினப்புறம் சென்டர்ல சேர்க்கச் சொல்லி கெஞ்சறது எங்களுக்கும் கஷ்டம்.